சிறு விளக்கா, பெருஞ்சிற்பமா? உலோகப் படைப்புக்கு அளவைத் தேர்ந்தெடுப்பது

தென்னாப்பிரிக்காவின் கடலோர நகரமான டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களும் கோயில் குழுக்களும், இரும்பிலும் வெண்கலத்திலும் வேலை செய்கிற என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். பாட்டன் காலத்துக் குத்துவிளக்கு ஒன்று அலமாரியில் இருக்கிறது. அல்லது கரும்புத் தோட்டத்தில் தேய்ந்துபோன வெட்டுக்கத்தி, ஒரு பித்தளைச் சொம்பு, கையடக்கமான ஒரு வேல். "இதையே பெரிதாகச் செய்து வாசலில் நிறுத்தலாமா? எதில் செய்வது?" என்று கேட்கிறார்கள். பணம் திரட்டத் தொடங்குவதற்கு முன்பே உயரம் முடிவாகியிருக்கும். பக்கத்து ஊரில் நான்கு மீட்டர் என்றால் இங்கே ஆறு மீட்டர்.

அந்த முடிவைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு பொருளை ஐந்து மடங்கோ பத்து மடங்கோ பெரிதாக்கும்போது அது பழைய பொருளாகவே நீடிப்பதில்லை. எடை மாறுகிறது, செய்முறை மாறுகிறது, உலோகமே மாறவேண்டியிருக்கிறது, பார்ப்பவரின் கண்ணும் அதை வேறு விதமாக வாசிக்கிறது. ஆகவே அளவைத் தேர்வது வடிவத்தையும் மறுபடி தேர்வதாகும். அதற்கு நான்கு வழிகள் உண்டு: சிறியதாகவே வைத்திருப்பது, ஆளுயரத்துக்கு வார்ப்பது, தகட்டில் பெரிதாக எழுப்புவது, சிறியவற்றைக் கூட்டிப் பெரிதாக்குவது. ஒவ்வொன்றையும் எடைபோடுமுன் எந்தத் தராசில் நிறுப்பது என்பதைப் பார்த்துவிடுவோம்.

## எவற்றைக் கொண்டு தீர்மானிப்பது

பார்க்கும் தூரம். இதைத்தான் முதலில் வைப்பேன். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, நிற்கும் தூரத்தை ஏறத்தாழ 3,400-ஆல் வகுத்தால் கிடைக்கும். மூன்றரை மீட்டரில் நிற்பவருக்கு 1 மில்லிமீட்டர் கோடு தெரியும். 35 மீட்டரில் நிற்பவருக்கு 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த எதுவும் கரைந்துவிடும். 100 மீட்டரில் 3 சென்டிமீட்டர். பிரதான சாலையில் காரில் போகிறவருக்காக நிறுத்தும் வேலில் விரல் நக அளவில் பூவேலை செய்வது வீண். அதேபோல, ஒரு சிற்பத்தை முழுதாக ஒரே பார்வையில் பார்க்க அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் வேண்டும். ஆறு மீட்டர் விளக்கு என்றால் எதிரே பன்னிரண்டு மீட்டர் வெற்றிடம். டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சங்கக் கட்டடங்களின் முன்முற்றத்தை அளந்து பாருங்கள். பல இடங்களில் சிற்பத்துக்கும் மதிலுக்கும் நடுவே கழுத்தை அண்ணாந்துதான் நிற்க வேண்டியிருக்கும்.

எடையும் காற்றும். 60 சென்டிமீட்டர் உயரமும் 5 கிலோ எடையும் உள்ள ஒரு குத்துவிளக்கை எடுத்துக்கொள்வோம். அதன் விகிதங்களை அப்படியே வைத்து 6 மீட்டருக்குக் கொண்டுபோனால் உயரம் பத்து மடங்கு, மேற்பரப்பு நூறு மடங்கு, எடை ஆயிரம் மடங்கு. 5 கிலோ 5 டன் ஆகிறது. தண்டின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் கூடியிருக்கிறது. சுமையோ ஆயிரம் மடங்கு. அதாவது தண்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் பத்து மடங்கு அழுத்தத்தைத் தாங்கவேண்டும். காற்று மோதும் பரப்பும் நூறு மடங்கு; அந்த விசை பத்து மடங்கு உயரத்திலிருந்து அடியை நெம்புகிறது. ஆகவே கவிழ்க்கும் வலுவும் ஆயிரம் மடங்கு. மேசைமேல் ஒயிலாக நிற்கும் மெல்லிய தண்டு முற்றத்தில் அதே ஒயிலோடு நிற்க முடியாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

கடற்காற்று. டர்பனில் இது தனி அளவுகோல். உப்பும் ஈரமும் ஆண்டு முழுவதும் உலோகத்தை அரிக்கின்றன. கடலிலிருந்து தொலைவில் உள்ள கௌடெங் மாகாணத்தில் நன்றாக நிற்கும் உலோகம் இங்கே நிற்கும் என்று எண்ணக்கூடாது.

திருட்டு. செம்பு கலந்த எதற்கும் பழைய உலோகச் சந்தையில் விலை உண்டு. 2022 நவம்பர் இறுதியில் அரசு பழைய செம்பு, இரும்பு ஆகியவற்றின் ஏற்றுமதிக்கே தடை விதிக்கும் அளவுக்கு இந்நாட்டில் நிலைமை முற்றியது. வெண்கலப் பெயர்ப்பலகைகள் கல்லறைகளிலிருந்துகூடப் போய்விடுகின்றன.

பார்த்துக்கொள்பவர் யார். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களை எண்ணாதீர்கள். பத்தாவது ஆண்டில் ஏணியும் துணியும் எடுத்துக்கொண்டு வரப்போகிறவர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அளவைக் குறைத்துவிடுங்கள்.

பணத்தைத் தனி அளவுகோலாகச் சொல்லவில்லை. மேலே சொன்ன ஐந்தும் சேர்ந்துதான் பணமாகின்றன.

## சிறியதாகவே வைத்திருப்பது

யாரும் இதைக் கருத்தில் எடுப்பதே இல்லை. எனக்கோ இதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு.

சுவாமிமலை ஸ்தபதிகள் ஒரு திருமேனியைத் தொடங்கும்போது, அதன் உயரத்துக்குச் சமமான தென்னை ஓலைக் கீற்று ஒன்றை நறுக்கி, அதை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, முழங்கால் என்று பங்கிடுகிறார்கள். சாண் உயரச் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் மடிப்பு ஒன்றே. கீற்றின் நீளம்தான் வேறு. ஆகவே ஒரு சாண் நடராசரைப் பெரிய சிற்பத்தின் மாதிரி என்று யாரும் எண்ணுவதில்லை. அது தன்னளவில் முழுமையானது. கையில் எடுக்கலாம், திருப்பலாம், எண்ணெய் தேய்க்கலாம். தைப்பூசத்திலும் சித்திரைக் காவடியிலும் நாவில் ஏறும் வேல் விரல் நீளம்தான். அதன் வலிமை அந்தச் சிறுமையில் இருக்கிறது. ஆறு மீட்டர் வேலுக்கு அது வாய்க்காது.

இந்த வழியைத் தேர்ந்தால் செய்யக்கூடியவை பல. பழைய விளக்கிலிருந்து அச்செடுத்து, பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் வெண்கலத்தில் வார்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று கொடுக்கலாம். மூலப்பொருளை நல்ல வெளிச்சத்தில், கண்ணாடிப் பெட்டியில், கண் உயரத்தில் வைக்கலாம். மூன்று மீட்டர் தூரத்துக்குள் நிற்பவருக்குக் கடைசல் வரிகள்கூடத் தெரியும். இந்த அளவில் கட்டி வார்ப்பே போதும்; உள்ளே மண் கரு வைக்கும் தொல்லை இல்லை. கிரேன், அடித்தளம், பொறியாளர் கையெழுத்து எதுவும் தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு: பாதுகாப்பு. சிறியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். பூட்டும் காப்பீடும் வேண்டும். பித்தளையை வீட்டுக்குள் துலக்கி வைப்பதும் ஒருவரின் ஓயாத வேலைதான்.

உங்கள் பொருளின் உயிர் அதன் நுணுக்கத்திலும் கைபட்ட தேய்மானத்திலும் இருக்கிறதென்றால், அல்லது அது வழிபாட்டுப் பொருள் என்றால், இதுவே சிறந்த வழி. தேய்ந்துபோன கரும்பு வெட்டுக்கத்தி ஒன்றை நான்கு மீட்டராக்கினால் அந்தத் தேய்மானம் வெறும் வளைவாகிவிடும். எந்தக் கை அதைத் தேய்த்தது என்ற எண்ணம் எழாது.

## ஆளுயரம்: மெழுகு வார்ப்பு வெண்கலம்

மனித உருவம் என்றால் கேள்வியே வேண்டாம், இதுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சர்ச் தெருவில் 1993-இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு திறந்துவைத்த காந்தி சிலையைப் பாருங்கள். மனிதரை மனிதராகவே நம் முன் நிறுத்த வெண்கலத்தைப்போல வேறில்லை. ஆனால் விளக்கு, சொம்பு, வேல் போன்ற பொருள்களுக்கு ஆளுயரம் சங்கடமான அளவு. கையடக்கமாகவும் இல்லை, பொதுவெளியை ஆளும் அளவிலும் இல்லை. பெரிய பொம்மையாகத் தெரியும் ஆபத்து இருக்கிறது. ஒன்றரை மீட்டர் விளக்கு வைக்க விரும்பினால், அதை உண்மையிலேயே எரியும் விளக்காகச் செய்யுங்கள். பயன்பாடு அதன் அளவுக்கு நியாயம் தரும்.

முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சுட்டு மெழுகை வடித்து, அந்த இடத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவது நம் மரபு. சுவாமிமலையில் காவிரி வண்டலால் செய்வதையே இன்றைய வார்ப்பட ஆலைகள் பீங்கான் பூச்சால் செய்கின்றன. பெரிய உருவத்தைக் கட்டியாக வார்க்க முடியாது என்பதல்ல. வார்த்தால் அது 600 கிலோவைத் தாண்டும், தடித்த இடங்கள் கடைசியாக ஆறும்போது உள்ளே குழி விழும். அதனால் உள்ளீடற்ற வார்ப்பு. ஆளுயர உருவின் மேற்பரப்பு, ஆடையின் மடிப்புகளைச் சேர்த்து, 2 முதல் 3 சதுர மீட்டர். சுவர் 5 மில்லிமீட்டர் என்றால் எடை 90 முதல் 130 கிலோ. உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு சுருங்கும் என்பதால் மெழுகை அந்த அளவு கூட்டிச் செய்யவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "பழைய விளக்கு பித்தளை, புதியதும் பித்தளையாகவே இருக்கட்டும்" என்று கேட்பார்கள். வீட்டுக்குள் சரி. கடலோர வெளியில் வேண்டாம். பித்தளையில் நூற்றுக்கு 30, 40 பங்கு துத்தநாகம். உப்புக்காற்று அந்தத் துத்தநாகத்தை மெல்ல இழுத்துவிடும். எஞ்சுவது பொடிந்துபோகும் செம்பு. தோற்றம் கெடாமலே வலு போய்விடும். வெளியே வைப்பதற்கு ஈயமும் தகரமும் கலந்த வெண்கலமோ சிலிக்கான் வெண்கலமோதான் ஏற்றவை. மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் மெழுகுப் பூச்சைத் தவறாமல் புதுப்பிக்கவேண்டும். விட்டுவிட்டால் பழுப்பும், பிறகு பச்சைக் களிம்பும் ஏறும். களிம்பேறிய வெண்கலத்தை நான் அழகென்றே நினைக்கிறேன், ஆனால் கோயில் குழுவினர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை. இதை முன்பே பேசி முடிக்கவேண்டும்.

மறை செலவுகளில் முதலாவது திருட்டுக் காவல். அடியில் மூன்று நான்கு ஸ்டெயின்லெஸ் தண்டுகளைக் கான்கிரீட்டுக்குள் ஆழமாக இறக்கி, சிலைக்குள் எலும்புக்கூடு போன்ற சட்டகம் வைத்து, சிலையை வெட்டாமல் எடுக்க முடியாதபடி செய்யவேண்டும். விளக்கும் இரவுக் காவலும் வேறு. பெயர்ப்பலகையை மட்டும் கருங்கல்லில் செதுக்கிவிடுங்கள்.

பெரிதாகிக்கொண்டே போனால் வெண்கலம் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டோரியாவில் யூனியன் கட்டட வளாகத்தில் 2013 டிசம்பரில் திறக்கப்பட்ட 9 மீட்டர் மண்டேலா சிலை நல்ல பாடம். அதன் காதுக்குள் சிற்பிகள் ஒரு குட்டி முயலைச் செதுக்கி ஒளித்திருந்தார்கள். திறந்து சில வாரங்கள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்து, அரசு அதை அகற்றச் சொன்னது. கீழே நின்று அண்ணாந்து பார்த்த கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தென்பட்டிருக்கும்? ஒன்பது மீட்டரில் சிறு நுணுக்கம் பார்ப்பவருக்குப் போய்ச்சேர்வதில்லை. ஆனால் அதற்கான உழைப்பும் கூலியும் முழுதாகக் கொடுக்கப்படுகின்றன.

## தகட்டில் எழுப்பும் பெரிய வடிவம்

நான்கு மீட்டருக்கு மேல் போக முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் வார்ப்பை மறந்துவிட்டுத் தகட்டுக்கு வாருங்கள். உள்ளே சட்டகம், வெளியே தோல். 46 மீட்டர் உயர சுதந்திர தேவியின் தோல் 2.4 மில்லிமீட்டர் செம்புத் தகடுதான். அதைச் செய்தபோது 2.85 மீட்டர் மாதிரியை நான்கு மடங்காக்கி, அதை மீண்டும் நான்கு மடங்காக்கினார்கள். இடையில் நின்று பார்த்துத் திருத்த அந்தப் படிகள் இடமளித்தன. நேரே கணினியிலிருந்து இறுதி அளவுக்குத் தாவும் இந்தக் காலத்தில் அந்த இடைப்படியை நாம் இழந்துவிட்டோம் என்பது என் வருத்தம். அந்தச் சிலையே இன்னொரு பாடமும் தருகிறது: செம்புத் தோலும் இரும்புச் சட்டமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டதால் இரும்பு அரித்து வீங்கியது. 1986-இல் முடிந்த புதுப்பிப்பில் அந்த இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தார்கள். இரண்டு உலோகங்கள் தொடும் ஒவ்வோர் இடத்திலும் நடுவே நைலானோ ரப்பரோ வேண்டும்.

சிறு பொருளைப் பொதுச் சிற்பமாக்குவதில் நான் மிகவும் மதிக்கும் படைப்பு, 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் கிளேஸ் ஓல்டன்பர்க் நிறுத்திய துணி மாட்டும் கிளிப். உயரம் ஏறத்தாழ 13.7 மீட்டர். கொடியில் கிடக்கும் கிளிப்பை நகலெடுத்ததாக அது தெரிவதில்லை. இரண்டு மரத்துண்டுகளும் அணைத்து நிற்கும் இருவர் ஆகிவிட்டன. சுருள் கம்பி 76 என்ற எண்ணை, அதாவது அமெரிக்கா விடுதலையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடிய 1976-ஐ, நினைவூட்டுகிறது. பெரிதாக்கும்போது வடிவம் புதிதாகச் சிந்திக்கப்பட்டிருக்கிறது. உங்கள் விளக்கிலும் அப்படித்தான் செய்யவேண்டும். விளிம்பின் 2 மில்லிமீட்டர் தடிப்பைப் பத்து மடங்காக்கினால் அது கட்டைபோலத் தெரியும். கடைசல் வரிகள் படிக்கட்டாகிவிடும். அகலும் அடி, எழும் தண்டு, விரியும் தட்டு, ஐந்து முகம் என்ற நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். தண்டைத் தடியாக்குங்கள், அப்போதுதான் கண்ணுக்கு அது மெலிந்து தெரியாமல் சரியாகத் தெரியும்.

எந்த உலோகம்? துருவே காப்பாக மாறும் கார்ட்டன் ஸ்டீல் இப்போது பலருக்கும் பிடித்திருக்கிறது. ஓல்டன்பர்க்கின் கிளிப்பும் அதில்தான் செய்யப்பட்டது. ஆனால் அந்தத் துரு இறுகிப் படிய நனைவதும் உலர்வதும் மாறிமாறி நடக்கவேண்டும். உப்பு படியும் கடற்கரையில் அது இறுகாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும், கீழே தரையையும் கறைப்படுத்தும். டர்பன் கடற்கரையோரம் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். உள்நாட்டில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் போன்ற இடங்களில், தாராளமாக.

ஸ்டெயின்லெஸ் என்றால் 316 தரம். சமையல் பாத்திரத்துக்கான 304 தரத்தில் இல்லாத 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் இதில் இருக்கிறது. உப்பைத் தாங்குவது அதுதான். இருந்தும் தேநீர்க் கறை போன்ற பழுப்புப் புள்ளிகள் வரும், அதுவும் மழை படாத அடிப்பக்கங்களில்தான் அதிகம். ஆகவே நன்னீரால் கழுவுவது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். சொரசொரப்பான பரப்பு உப்பைப் பிடித்துக்கொள்ளும். மழமழப்பாக முடிக்கச் சொல்லுங்கள். சாதாரண இரும்பைத் தேய்த்த அதே கிரைண்டர் வட்டைக் கொண்டு ஸ்டெயின்லெஸ்ஸைத் தேய்க்கும் பட்டறையை விட்டு விலகுங்கள். அதில் ஒட்டிய இரும்புத் துகள்கள் ஒரு மழையிலேயே துருப் பொட்டுகளாகிவிடும்.

மூன்றாவது, சாதாரண இரும்பைக் கால்வனைஸ் செய்து மேலே பெயிண்ட் அடிப்பது. செலவு குறைவு, திருடருக்கும் ஆசை குறைவு. 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் முக்குவதால், மூடிய குழாய்களில் காற்றோட்டத் துளை இல்லையென்றால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெடிக்கும். துளைகளை வடிவமைக்கும்போதே எங்கே ஒளிப்பது என்று யோசிக்கவேண்டும். தொட்டியின் நீளத்தைவிடப் பெரிய துண்டு போகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

மறை செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். லாரியோடு சேர்த்து 4.3 மீட்டர் உயரத்துக்கு மேல் போனால் சாலையில் தனி அனுமதி. ஆகவே துண்டுகளாகக் கொண்டுவந்து முற்றத்தில் இணைக்கவேண்டும். கிரேன். பொறியாளரின் காற்றுக் கணக்கு. நகராட்சியின் கட்டட அனுமதி. கோயில் கட்டடம் 60 ஆண்டுகளைக் கடந்தது, அதை மாற்றியோ ஒட்டியோ வைக்கப்போகிறீர்கள் என்றால் மாகாண மரபுரிமை அமைப்பின் ஒப்புதலும். எல்லாவற்றுக்கும் மேலாக அடித்தளம். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் நிற்கும் 20 மீட்டர் வடக்கின் தேவதை 200 டன் எஃகு. அதைப் பாறையோடு கட்டிப்பிடித்திருப்பது 600 டன் கான்கிரீட். கண்ணுக்குத் தெரியாத பங்குதான் மூன்று மடங்கு.

சிலர் மலேசியாவின் பத்துமலை முருகனைக் காட்டி, "அதைப்போல ஒன்று" என்பார்கள். 2006-இல் எழுப்பிய அந்த 42.7 மீட்டர் சிலை உலோகப் படைப்பு அல்ல; எஃகுக் கம்பியிட்ட கான்கிரீட்டின்மேல் பொன் வண்ணம். நல்ல பணிதான், ஆனால் நம் பேச்சுக்கு வெளியே.

பொதுச்சாலை, ரவுண்டானா, பூங்கா என்று நகராட்சி நிலத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். 2010-இல் டர்பன் வார்விக் பகுதியில் சிற்பி ஆண்ட்ரீஸ் போத்தா எழுப்பிக்கொண்டிருந்த யானைச் சிற்பங்கள் பாதியிலேயே நிறுத்தப்பட்டன. இன்காத்தா என்ற அரசியல் கட்சியின் சின்னத்திலும் யானை இருப்பதாக எழுந்த எதிர்ப்புதான் காரணம். பெரிய அளவில் எந்தப் பொருளும் சின்னமாகிவிடும். வேலும் அப்படியே. அக்கம்பக்கத்து ஜூலு மக்களிடமும் மற்ற சமயத்தாரிடமும் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிட்டுத்தான் அடித்தளம் தோண்டவேண்டும்.

## சிறியவை கூடிப் பெரிதாவது

என் மனம் சாய்வது இங்கேதான். மறைக்கவில்லை.

டர்பனிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் ஹோவிக் என்ற ஊர் இருக்கிறது. 1962-இல் மண்டேலா பிடிபட்ட சாலையோரத்தில், ஐம்பது ஆண்டு நிறைவாக 2012-இல் மார்கோ சியான்ஃபனெல்லி நிறுத்தியவை 50 எஃகுத் தூண்கள். ஆறரை முதல் ஒன்பதரை மீட்டர் உயரம், லேசரால் வெட்டப்பட்டவை. அருகே போனால் கறுப்புத் தூண்கள்தான். 35 மீட்டர் தள்ளி ஓர் இடத்தில் நின்றால் அவை ஒரு முகமாகின்றன. ஜொகன்னஸ்பர்க்கில் வில்லியம் கென்ட்ரிட்ஜும் கெர்ஹார்ட் மார்க்ஸும் 2009-இல் அமைத்த தீச்சட்டி சுமக்கும் பெண்ணும் அதே வகை: தனித்தனி எஃகுத் தகடுகள், ஒரு கோணத்தில் மட்டும் ஒன்றுகூடும். ஒரு நடைபாதை வியாபாரியின் தலைச்சுமை ஏறத்தாழ பதினொரு மீட்டர் உயரத்துக்குப் போயிருக்கிறது, ஆனால் கனமான கட்டியாக இல்லை.

நம்மிடம் இந்த யோசனை புதிதல்ல. காவடி எடுப்பவரின் முதுகில் தொங்கும் எலுமிச்சைகளையும் சிறு பாற்சொம்புகளையும் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் கைப்பிடிக்குள் அடங்கும். சேர்ந்து நடக்கும்போது தெருவையே நிறைக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1860 நவம்பர் 16 அன்று டிரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தது 342 பேரை. 1911 வரை வந்தவர்கள் மொத்தம் 152,184. ஒவ்வொருவருக்கும் குடியேற்றப் பதிவேட்டில் ஓர் எண் இருந்தது. பல குடும்பங்களிடம் அந்த எண் இன்றும் இருக்கிறது. 5 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் அகலமும் உள்ள 316 தகட்டில் ஓர் எண்ணைப் பொறித்தால், 342 தகடுகள் ஒரு சிறு கதவின் மேற்பரப்பில்கூட அடங்கிவிடும். 152,184-ஐயும் செய்தால் 152 சதுர மீட்டர்: மூன்று மீட்டர் உயரத்தில் ஐம்பது மீட்டருக்குச் சற்றே நீண்ட சுவர். ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பில் தகடுகளின் எடை இரண்டு டன்னுக்கும் குறைவு. ஐந்து டன் விளக்கை நினைத்துப் பாருங்கள். இங்கே அருகே நிற்பவருக்குப் பாட்டனின் எண், தள்ளி நிற்பவருக்கு மொத்தக் கூட்டம். ஒரே படைப்பு இரண்டு தூரங்களுக்கும் வேலை செய்கிறது. மற்ற மூன்று வழிகளும் ஏதாவது ஒரு தூரத்துக்குத்தான்.

நடைமுறையிலும் லாபம் உண்டு. பணம் வரவர வளர்த்துக்கொள்ளலாம். இருநூறு தகடுகளோடு தொடங்கினாலும் அது அரைகுறையாகத் தெரியாது. ஒரு தகடு போனால் இன்னொன்று போடலாம். பள்ளிப் பிள்ளைகளே எண்களைப் பொறிக்கலாம். தெருவோரத்தில் கம்பி வளைத்துப் பொம்மைக் காரும் பறவையும் செய்யும் ஜூலு கைவினைஞர்களோடு சேர்ந்து செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. கம்பியிலிருந்து பெரிய உருவம் எழுப்பும் திறமை அவர்கள் விரல்களில் இருக்கிறது.

மறை செலவு இணைப்புகளில் இருக்கிறது. ஆயிரம் துண்டு என்றால் ஆயிரம் ஆணி அல்லது வளையம், ஆயிரம் இடுக்கு. ஒவ்வொரு இடுக்கிலும் உப்பு தங்கும். தொங்கவிட்டால் காற்றில் உராய்ந்து தேயும், ஓசையும் எழும். அந்த ஓசை அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்குமா என்று கேட்கவேண்டும். பெயர்களையும் எண்களையும் சரிபார்ப்பது உலோக வேலையைவிட நீண்ட வேலை. தாங்கும் சட்டகத்தைச் சிக்கனப்படுத்தக்கூடாது. சுவர்போல நிற்பதால் காற்று முழுதாக மோதும். இடைவெளி விட்டு அமைத்தால் காற்றும் கடந்து போகும், பார்வையும் கடந்து போகும்.

ஒரே ஒரு தெய்வ வடிவமோ ஒரே ஒரு மனிதரோ நடுநாயகமாக இருக்கவேண்டும் என்றால் இந்த வழி பொருந்தாது. பலரின் நினைவு என்றால் இதற்கு ஈடில்லை.

## ஒரே பார்வையில்

| | சிறியதாக | ஆளுயர வார்ப்பு | தகட்டில் பெரிதாக | சிறியவை கூடி |
|---|---|---|---|---|
| ஏற்ற தூரம் | கை எட்டுமளவு முதல் 3 மீட்டர் வரை | 2 முதல் 10 மீட்டர் | 12 மீட்டருக்கு மேல் | அருகும் தொலைவும் |
| ஏற்ற உலோகம் | பித்தளை, வெண்கலம், வெள்ளி | வெண்கலம் | 316 ஸ்டெயின்லெஸ், கால்வனைஸ் இரும்பு | 316 ஸ்டெயின்லெஸ், கால்வனைஸ் கம்பி |
| திருட்டு அபாயம் | உள்ளே பூட்டினால் குறைவு | மிக அதிகம் | இரும்பில் குறைவு, ஸ்டெயின்லெஸ்ஸில் நடுத்தரம் | துண்டு துண்டாகப் போகலாம், ஈடுசெய்யலாம் |
| மறை செலவு | காப்பீடு | காவல், மெழுகுப் பூச்சு | அடித்தளம், கிரேன், அனுமதி, கழுவுதல் | இணைப்புகள், பெயர் சரிபார்ப்பு |
| எப்போது வேண்டாம் | சாலையிலிருந்து தெரியவேண்டும் என்றால் | காவலில்லாத திறந்தவெளியில் | முற்றம் குறுகியதென்றால் | ஒற்றை உருவமே வேண்டும் என்றால் |

## ஒப்பந்தம் போடுமுன்

நினைத்த உயரத்தில் மூங்கிலாலோ ஒட்டுப்பலகையாலோ வெளிவடிவத்தை மட்டும் வெட்டி, குறித்த இடத்தில் ஒரு வாரம் நிறுத்துங்கள். பலத்த காற்றுக்கு முன் படுக்க வைத்துவிடுங்கள். காலை வெயிலில், மழையில், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், சாலையில் போகும் வண்டியிலிருந்து பாருங்கள். இரண்டு மூன்று உயரங்களில் செய்து பார்த்தால் இன்னும் நல்லது. இப்படிச் செய்த குழுக்களில் உயரத்தைக் குறைத்தவர்களே அதிகம். அடியை அகலப்படுத்தச் சொன்னவர்களும் உண்டு.

அடுத்து, இறுதி அளவில் நான்கில் ஒரு பங்கு உள்ள மாதிரியை உண்மையான உலோகத்தில் செய்து வாங்குங்கள். மரத்தாலோ நெகிழியாலோ ஆன மாதிரி வெல்டிங் தழும்பையும் வெயிலில் கண் கூசுவதையும் காட்டாது. மழமழப்பான ஸ்டெயின்லெஸ் வளைவு நண்பகல் வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கக்கூடும். எதிரே சாலை இருந்தால் இதைக் கட்டாயம் சோதிக்கவேண்டும்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: உலோகத்தின் தரச் சான்று, பொறியாளர் கையெழுத்திட்ட அடித்தள வரைபடம், இடிதாங்கி இணைப்பு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கான கழுவும் முறையும் அதற்கான தொகையும். கடைசியில் சொன்ன தொகையைச் சிற்பத்தின் செலவோடு சேர்த்தே திரட்டுங்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் தரும் கைகள் குறைவு.